ஒருத்தி, இரண்டு கட்டங்கள்

"அப்பா, நான் உங்க பக்கமா, அம்மா பக்கமா?"

"நீ எங்க பக்கமெல்லாம் இல்லடி குட்டி. நாங்கதான் உன் பக்கம்."

வேற்றினப் பெண்ணை மணந்த, லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவர் தம் ஏழு வயது மகளுக்குச் சொன்ன பதில் இது. பாவம், விவரம் தெரியாத மனிதர். இனங்களை ஒன்றுசேர்க்கவே அவதரித்த 'சமத்துவக் குழு' அப்போது பிறந்திருக்கவில்லை. பிறந்திருந்தால், இனப் பட்டியலில் மகளை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று அவருக்குப் பாடமே நடத்தியிருக்கும்.

மகள் வளர்ந்து, பாலங்களை வடிவமைக்கும் அலுவலகத்தில் பொறியாளரானாள். அப்பாவின் நிறம்; அம்மாவின் சுருட்டை முடி. பார்த்ததும் அலுவலகத்தின் சமத்துவக் குழுவுக்குப் புல்லரித்தது. ஆண்டறிக்கைப் புகைப்படத்தில் வருடாவருடம் நடுநாயகமாக அவள்தான்.

"முடியை விரிச்சுப் போடுங்க மேடம். அப்பத்தான் ரெண்டும் தெரியும்" என்பார் புகைப்படக்காரர்.

விரித்துப் போடுவாள். சிரிப்பாள். பிறகு தன் மூலைக்குத் திரும்பி, மற்றவர்கள் கையெழுத்திடப்போகும் வரைபடங்களில் பிழை திருத்துவாள். பிரிவுத் தலைவர் பதவி மூன்று முறை காலியாகி, மூன்று முறையும் வேறு யாருக்கோ போனது. எனக்கு ஏன் இல்லை என்று எட்டு வருடமாக அவள் கேட்கவில்லை. கேட்டால், 'இவள் எந்தப் பக்கத்து ஆள்?' என்று ஆராய்வார்களே!

இந்த வருடம் யாரோ தலைகளை எண்ணிப் பார்த்ததில் பேராபத்து நேர்ந்தது. அறிக்கையில் ஊழியர்கள் நாற்பத்தொரு பேர். அலுவலகத்தில் இருந்ததோ நாற்பது. குழு மூன்று நாள் கூடித் துப்புத் துலக்கியது. எட்டு வருடமாகவே அவளை அப்பா இனம், அம்மா இனம் என இரண்டு கட்டத்திலும் எழுதியிருந்தார்கள்!

குழுத் தலைவர் அவளை அழைத்து, தம் கையாலேயே காப்பி கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ரெண்டுல ஒண்ணை அடிக்கணும். எதை அடிச்சா உனக்கு வருத்தம் கம்மியா இருக்கும்?"

"அப்பாவையா, அம்மாவையான்னு கேக்குறீங்களா சார்?"

"சேச்சே! வெறும் கட்டம்மா அது."

"ரெண்டுலயும் அரை அரையாப் போட்டுட்டா?" என்றார் செயலாளர், கண்டுபிடிப்பின் பரவசத்தில்.

"அரை ஆளுக்கு அடையாள அட்டை எப்படிய்யா அடிக்கிறது?" என்றார் தலைவர்.

அந்தப் பெரியவர்கள் உண்மையிலேயே கவலைப்பட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவர்களுக்கா இத்தனை வருடம் பயந்தோம்? காப்பியைத் தள்ளி வைத்தாள்.

"எதையும் அடிக்காதீங்க சார். ரெண்டு கட்டத்துலயும் இருக்கிறது நான்தான், முழுசா. எட்டு வருஷமா ரெண்டு ஆளுன்னு எழுதினீங்க, ரெண்டு ஆள் வேலையும் வாங்கினீங்க. ஒரு தடவைகூட ஒரு ஆளா மதிக்கலை. பிரிவுத் தலைவர் பதவி எனக்கு வேணும்."