கருவாட்டுக்குக் கண் கொடுத்த கதை

கேட்காதவர்களுக்கும் பாடம் எடுப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. அந்த வியாதி என் வாப்பாவின் கடையை ஒருநாள் பதம் பார்த்தது.

எழுபதுகளின் கடைசி. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடித்து விடுமுறைக்குப் பதுளை வந்திருந்தேன். பஸார் தெருவில் வாப்பாவுக்குக் கருவாட்டுக் கடை. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு என்றால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வந்து குவிவார்கள். மாத வியாபாரத்தில் பாதி அன்றைக்குத்தான். (நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் படிப்பைக் காட்டிக்கொள்வதும் அன்றைக்குத்தான்.)

அடைமழைக் காலம். கட்டாக் கருவாடு இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. வருடக்கணக்காக வரும் செல்லம்மாக்கா ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

"மொதலாளி, என்னங்க இது செவந்து கெடக்கு?"

"மழ ஈரம் புள்ள. கழுவினா போகும்," என்றார் வாப்பா.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் எழுந்தேன்.

"இல்ல வாப்பா, அது கிருமி. உப்புல வாழ்ற கிருமி. உயிரோட இருக்கு."

"உயிரோடயா?" என்றார் செல்லம்மாக்கா.

போன மாதம்தான் அந்தப் பாடம் நடந்திருந்தது. விடுவேனா? கிருமியின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது, அது சவ்வை ஏழு தடவை ஊடுருவி மடிந்திருக்கிறது, நடுவில் ஒரே ஓர் இடத்தில் விற்றமின் ஏ-க்கு உறவுக்காரனான ஒரு நிறப்பொருள் கொக்கி போட்டதுபோல் பிணைந்திருக்கிறது, வெளிச்சம் பட்டதும் அது வளைந்து கிருமிக்குச் சக்தி தருகிறது என்று கைகால் ஆட்டி விளக்கினேன். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. அதைப் பாராட்டு என்று நினைத்து உச்சத்துக்குப் போனேன்.

"நம்ம கண்ணுல வெளிச்சத்தப் புடிக்கிதே, அதே ஜாதிச் சாமான்தான் இந்தக் கருவாட்டுலயும் இருக்கு!"

செல்லம்மாக்கா துண்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "அப்போ இது நம்மளப் பாக்குதா தம்பி?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விஞ்ஞானி அல்லவா! யோசித்து, நேர்மையாகப் பதில் சொன்னேன்.

"பாக்குதுன்னு சொல்ல முடியாதுக்கா. ஆனா வெளிச்சம் தெரியும்."

செல்லம்மாக்கா துண்டைக் குப்புற வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் போனது. வாப்பா என்னைத் திட்டவில்லை. ஈ ஓட்டுகிற துணியால் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்து போனதும் இந்தக் கதையை விரிவுரையாளரிடம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரித்தார். கருவாட்டில் தெரியும் சிவப்பு பெரும்பாலும் வேறொரு நிறப்பொருளாம். அது சவ்வின் கொழுப்பில் சும்மா கிடப்பதாம். நான் சொன்னது, புரதத்தோடு பிணைந்தது, ஊதா நிறமாம். ஆக, வாப்பாவின் வாடிக்கையை நான் விரட்டியது தப்பான பாடத்தைச் சொல்லி.

இன்றும் வீட்டில் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், தங்கச்சி, "கடையில இன்னும் ஆள் ஈக்கா நானா?" என்று கேட்பாள். (எங்கள் பேச்சில் 'ஈக்கா' என்றால் 'இருக்கா', 'நானா' என்றால் அண்ணன்.) எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வாப்பா இருந்தவரை அவர் மட்டும் அதற்குச் சிரித்ததில்லை.

"மகன் படிச்சவர். அவர் சொன்னது சரியாத்தான் ஈக்கும்," என்பார்.

அது பிழை என்று கடைசிவரை அவரிடம் நான் சொல்லவேயில்லை.