கழித்துக் கொடுத்த ஆலோசனை

புடவைக் கடைக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் நிற்பவரின் முகம் சுருங்கினால் போதும், வாய் தானாகவே விலையைக் குறைத்துவிடும். இதற்கு இன்னும் தடுப்பூசி கண்டுபிடிக்கப்படவில்லை.

நான் கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் வாப்பாவின் கடையில் வளர்ந்தவன். கணக்கியல் படித்து முடித்ததும் கண்டியில் ஒரு தனியார் பிள்ளைகள் கிளினிக்கில் பில் போடும் வேலை கிடைத்தது. கழுத்தில் டை, சுழலும் கதிரை, ஏசி! "மகன் ஆஸ்பத்திரியில இருக்கான்" என்று உம்மா பெருமையாகச் சொல்லப்போய், நலம் விசாரிக்க இரண்டு பேர் தோடம்பழத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பறிபோனால் திரும்பவும் கடையில் துணி மடிக்க வேண்டியதுதான்.

கிளினிக்கின் தடுப்பூசி பில்லில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று ஊசிக்கு. மற்றது ஆலோசனைக்கு, அதாவது ஊசிக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும் என்று டொக்டர் அம்மா விளக்குவதற்கு.

ஒருநாள் புசல்லாவையிலிருந்து சாந்தி அக்கா வந்தார். இடுப்பில் ஒன்றரை வயது மகள். அரசாங்க கிளினிக்கில் போடாத சின்னம்மைத் தடுப்பூசிக்காக வந்திருந்தார்கள். நான் பில்லை நீட்டுவதற்குள் பிள்ளை என் பேனையைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தது.

"தம்பி, ஊசி சரி. இந்த ரெண்டாவது என்னாங்க?"

"அது டொக்டர் பேசுறதுக்கு, அக்கா."

"பேசுறதுக்குக் காசா?"

முகம் சுருங்கியது. எனக்குள் இருந்த கடை திறந்துகொண்டது.

"உங்களுக்காக அதக் கழிச்சுத் தாறேன் அக்கா. வெளிய சொல்லிராதீங்க." (பிள்ளைக்கு மூக்குத் துடைக்க இலவசமாக ஒரு கைலேஞ்சியும் கொடுக்காமல் விட்டேனே, அதுவே பெரிய காரியம்.)

சற்று நேரத்தில் டொக்டரின் அறையிலிருந்து சத்தம் கேட்டது.

"இந்த ஊசி போட்ட பிறகு..." என்று டொக்டர் அம்மா தொடங்கினார்.

"ஐயோ, பேசாதீங்க டொக்டர்!"

"ஏன்?"

"நாங்க பேச்சுக்குக் காசு கட்டலங்க. ஊசிய மட்டும் போடுங்க."

அக்கா அவ்வளவு நேர்மையானவர். காசு கொடுக்காத பொருளைத் தொடமாட்டார். ஒரு காதைக் கையால் பொத்தி, மற்றக் காதைப் பிள்ளையின் தலையோடு ஒட்டி வைத்துக்கொண்டாராம். ஊசி போட்டு, டொக்டர் அம்மா கை கழுவித் திரும்புவதற்குள் அக்கா வெளியே வந்து, என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்து, திரீவீலரில் ஏறிப் போய்விட்டார்.

டொக்டர் அம்மா வெளியே ஓடி வந்தார். "எங்க அவங்க? ஊசி போட்டா அரை மணித்தியாலம் இங்கயே இருக்கணும். ஒவ்வாமை வந்தா யார் பாக்குறது?"

அரை மணித்தியாலம் இருக்கச் சொல்வதும் ஆலோசனையில் அடக்கம். அதைத்தான் நான் தள்ளுபடி செய்திருந்தேன். பேனையைப் பிடுங்கிய அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. டொக்டர் அம்மா வாசலைக் காட்டினார்.

"போய்ப் புள்ளையப் பாருங்க. பாத்துட்டு வந்து இந்தக் கதிரையில உக்காந்தா போதும்!"

குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். புசல்லாவை பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. தொற்றி ஏறினேன். நடு சீட்டில் அக்கா. மடியில் பிள்ளை உற்சாகமாக பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா, எறங்குங்க! புள்ளைய அரை மணித்தியாலம் பாத்துக்கிட்டு இருக்கணும்!"

"பஸ்ஸு எடுத்துட்டாங்களே தம்பி. இங்கயே பாருங்க."

பார்த்தேன். கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, கண் கொட்டாமல் பார்த்தேன். பிள்ளை இதை விளையாட்டென்று நினைத்து என் டையை இழுத்தது. போனில் டொக்டர் அம்மா சொல்லச் சொல்ல, பஸ்ஸின் பாட்டுச் சத்தத்துக்கு மேலால் நான் கத்தினேன். "லேசாக் காய்ச்சல் வரும், பயப்பட வேணாம்! ஊசி போட்ட எடத்தத் தேய்க்காதீங்க! மூச்சு வாங்கினா, மூஞ்சி வீங்கினா ஒடனே ஆஸ்பத்திரி!"

பஸ்ஸே அமைதியாகிவிட்டது. டிரைவர் பாட்டைக் குறைத்தார். பின் சீட்டிலிருந்து ஒருவர், "டொக்டர், எனக்கு ரெண்டு மாசமா முழங்கால் வலி" என்றார்.

"நான் பில் போடுறவங்க!"

யாரும் நம்பவில்லை. டை கட்டியவன் அடக்கமாகப் பேசுவதாக எடுத்துக்கொண்டார்கள். முழங்காலைத் தொடர்ந்து ஒரு இருமல், ஒரு தலைச்சுற்று என்று வரிசை நீண்டது. கடைசியில் கண்டக்டர் மிகுந்த மரியாதையோடு என் மூக்கின் முன் கையை நீட்டினார்.

"டொக்டர் மஹத்தயா, டிக்கெட்!"

பர்ஸ் கிளினிக் மேசை லாச்சியில் இருந்தது. நான் விழித்ததைப் பார்த்து முழு பஸ்ஸும் சிரித்தது. பேச்சுக்குக் காசு கட்டாத சாந்தி அக்காதான் எனக்கு டிக்கெட் எடுத்தார். அரை மணித்தியாலம் தாண்டி, வழியில் கம்பளையில் நான் இறங்கும்போது பிள்ளை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகவும் அக்காவே காசு தந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

டொக்டர் அம்மா திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். பஸ்ஸில் நடந்ததெல்லாம் போன் வழியே கேட்டிருந்த அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை தப்பியது. மானம்தான் பஸ்ஸிலேயே போய்விட்டது.

இது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் என் மகளுக்கு அதே கிளினிக்கில் ஊசி போட்டோம். டொக்டர் அம்மா ஆலோசனை சொல்லத் தொடங்கியதும், "எனக்கு இதெல்லாம் தெரியும், நானே வைஃபுக்குச் சொல்றேன்" என்று ஜம்பமாக வாயைத் திறந்தேன். பஸ் கதை தெரிந்த என் மனைவியும் டொக்டர் அம்மாவும் ஒரே நேரத்தில் என் முன்னால் கையை நீட்டினார்கள்.

"டிக்கெட்?"