அடுத்த மாதம் பிரேக்

பழைய கார் வைத்திருக்கும் மனிதரை உங்களுக்குக் கட்டாயம் தெரியும். தெரியாது என்கிறீர்களா? அப்படியானால் உங்கள் தெருவுக்கு நீங்கள் இன்னும் சரியாகக் குடிவரவில்லை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வாளியும் கிழிந்த பனியனுமாக நின்று, நீங்கள் பால் வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தும் பாராதவர்போல் பம்பரைத் துடைத்துக்கொண்டிருப்பாரே, எங்கே தாண்டிப் போய்விடுவீர்களோ என்ற பயத்தில் கடைசி நொடியில் "என்ன, பாலா?" என்று கேட்பாரே, அவர்தான். நின்றால் தொலைந்தீர்கள். பால் தயிராகித்தான் வீடு போய்ச் சேரும்.

"இது வெறும் கார் இல்ல" என்று ஆரம்பிப்பார். பின்னே என்ன என்று கேட்டுவிடாதீர்கள். கதவைத் திறந்து, 'தொம்' என்று சாத்திக் காட்டுவார். "சத்தத்தைக் கேட்டீங்களா? இரும்பு! இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா." உங்கள் வீட்டு வாசலில் நிற்பதும் அந்தத் தகர டப்பாக்களில் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார்.

இந்த இனத்தில் நமக்குப் பார்க்கக் கிடைத்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். உருண்டை விளக்கும் தொப்பை போன்ற முன்பக்கமுமாக, கரும்பச்சை நிறத்தில், யாரோ ஒரு டாக்டர் ஓட்டி ஓய்ந்த காரை வாங்கி வந்தார். டாக்டர் ஏன் கொடுத்தார் என்று அவர் கேட்கவில்லை. மனைவி கேட்டாள். "அவருக்கு அருமை தெரியல" என்று பதில் வந்தது. அருமை தெரிந்ததனால்தான் கொடுத்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. முன்னறை ஜன்னலில் புதிதாகப் போட்ட பூப்போட்ட திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

கடை வருமானம் வீட்டுக்குச் சரியாக இருக்கும். எப்போதாவது மிஞ்சினால் காருக்கு. அதில் ஒரு சமயத்தில் ஒரு கோளாறைத்தான் சரிசெய்யக் கட்டுப்படியாகும். காரோ ஒரு சமயத்தில் ஒரே ஒரு கோளாறோடு நிற்கும் ரகமில்லை. ரேடியேட்டர் ஒழுகும், பின்கதவு உள்ளேயிருந்து மட்டும் திறக்கும், மழை பெய்தால் வேறெங்கும் இல்லாமல் ஓட்டுபவரின் இடது முழங்காலில் மட்டும் குறிபார்த்துச் சொட்டும். பிரேக் இருக்கிறதே, அது தனி. ஒரு மிதி மிதித்தால் "என்ன?" என்று கேட்கும். இன்னொரு மிதிக்கு யோசிக்கும். மூன்றாவது மிதிக்கு, வேண்டாவெறுப்பாகச் சம்மதிக்கும்.

இத்தனையில் எதை முதலில் பார்ப்பது? நீங்களும் நானுமாக இருந்தால், முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும், மின்னுவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்போம். நமக்குப் பழைய கார் வாய்க்காததற்கு இதுதான் காரணம். கண்ணாடிக் கடைக்காரருக்கு உலகம் எப்படிப்பட்டது என்று தெரியும். அவர் கடைக்கு வருகிறவர்கள் ஃப்ரேமுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றைப் போட்டு இடப்பக்கம் திரும்புவார்கள், இன்னொன்றைப் போட்டு வலப்பக்கம் திரும்புவார்கள், கூட வந்தவரைக் கேட்பார்கள், கூட வராதவரைப் போனில் கேட்பார்கள். லென்சுக்கு வந்ததும், "ஏதோ நல்லதாப் போடுங்க" என்று எழுந்துவிடுவார்கள். பார்ப்பதற்குத்தானே கண்ணாடி வாங்குகிறார்கள்? இல்லவே இல்லை, பார்க்கப்படுவதற்கு. காரையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

எனவே முதலில் மிஞ்சிய பணத்தில் இரட்டைக் குரல் ஹாரன் வந்தது. அடுத்ததில் சீட்டுக்குப் புது உறை. அதற்கும் அடுத்ததில், காரின் மூக்கின் மேல் நிற்கும் சின்னஞ்சிறு வெள்ளிப் பறவை ஒன்றைப் பழைய இரும்புக் கடைகளில் தேடி அலைந்து, கண்டுபிடித்த அன்று பெண் குழந்தை பிறந்த மாதிரி இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் மனைவி கேட்பாள்.

"பிரேக்கு?"

"அது அடுத்த மாசம்."

அந்த அடுத்த மாதம் மட்டும் எந்த மாதமும் வரவில்லை.

இதற்கிடையில் மகளுக்கு மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. கிடைத்த செய்தியைச் சொல்லி அவள் வாய் மூடுவதற்குள் அப்பா அறிவித்துவிட்டார். "நம்ம கார்லதான் போறோம்!" வீட்டில் அறிவித்தால் பரவாயில்லை, தெருவிலும் அறிவித்துவிட்டார். இனி மாற்ற முடியாது.

கையில் மிஞ்சியிருந்தது ஒரு ரிப்பேருக்கு. மலைக்குப் போகுமுன் வேறு மிஞ்சப்போவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். மனைவிக்கு மனசு நிம்மதியாயிற்று. இந்தத் தடவை பிரேக்தான், வேறு வழியில்லை. மறுநாள் சமையலறையிலிருந்து முன்னறைக்கு வந்தவள் எதன்மேலோ இடித்துக்கொண்டாள். நடுவே, பழைய போர்வையின் மேல், முன்பக்கப் பம்பர் படுத்திருந்தது.

"நிக்கல் பூசக் கொடுக்கப் போறேன். மங்கிப்போச்சு பாரு. மலையில போய் இப்படியா நிக்கிறது?"

"நிக்கணும்னுதாங்க நானும் சொல்றேன்."

"நீ பிரேக்கச் சொல்ற. மலையில கியர்லயே இறக்கிடலாம். இத்தனை வருஷமா எங்கயாவது இடிச்சிருக்கேனா?"

"இடிச்சதில்ல. உரசியிருக்கீங்க."

"அது உரசல்!"

மகள் பம்பரைத் தாண்டிக்கொண்டு வந்தாள். "அப்பா, மலையில இதப் பார்க்க யாருப்பா இருக்கப் போறாங்க?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? பெரிய பெரிய டாக்டருங்கல்லாம் இருப்பாங்க."

"இருப்பாங்க. நாம உருண்டு விழுந்தா, வந்து பார்ப்பாங்க."

"பேசாம பஸ்ல போயிடலாமே" என்றாள் மனைவி மெல்ல. அவ்வளவுதான், அவர் முகம் சுருங்கிவிட்டது. முதல் நாள் வேலைக்குப் போகும் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் இடிபடுவதா? ஊருக்கெல்லாம் என்ன சொல்வது? அந்த முகத்தைப் பார்த்தபின் பஸ் என்ற பேச்சு எழவில்லை. ஆனால் ஒருபக்கம் மலை, ஒருபக்கம் பள்ளம், நடுவே மூன்றாவது மிதிக்குச் சம்மதிக்கும் பிரேக், பின்சீட்டில் ஒரே மகள் என்று அவள் மனசுக்குள் ஒரு படம் ஓட ஆரம்பித்தது.

மெக்கானிக்கைக் கேட்டால் உண்மையைச் சொல்வாரே என்கிறீர்களா? அவர் நல்லவர்தான். அதுதான் சங்கடம். வண்டிக்காரர் மனசு நோகும்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

"ஓடும் சார். ஓடுறதுல ஒரு குறையும் இல்ல" என்றார், வீட்டுக்கு வந்து டீயை உறிஞ்சிக்கொண்டே.

"ஓடும்ங்கிறீங்க. நிக்குமாண்ணே?" என்றாள் மனைவி.

மெக்கானிக் டம்ளருக்குள் எதையோ தேடினார். "நிக்கிறதுன்னு எடுத்துக்கிட்டா..." என்று தொடங்கி, வண்டிக்காரர் முகத்தைப் பார்த்து, "டீயில இஞ்சி போட்டிருக்கீங்களாம்மா?" என்று முடித்தார்.

சொல்லிப் பார்த்தாயிற்று. கெஞ்சிப் பார்த்தாயிற்று. மகள் ஒரு வேளை பட்டினிகூட இருந்து பார்த்தாள். இரண்டாவது வேளை பசி வந்துவிட்டது. இனி என்ன?

மறுநாள் சாயங்காலம் அவர் பம்பர் இல்லாத காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்பல் போன கிழவரைப்போல் அது தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரரின் புது வெள்ளைக் கார் வந்தது. குறுக்கே ஒரு பூனை. கார் நின்றது. குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை, சொன்ன சொல் கேட்கிற பிள்ளையைப்போல் நின்றது. பூனை அவசரப்படவே இல்லை. நடுத்தெருவில் உட்கார்ந்து ஒரு காலை நக்கிவிட்டுத்தான் போயிற்று.

"எவ்வளவு அழகா நிக்குது!" என்றாள் மனைவி, கையிலிருந்த தலையணை உறையிடம்.

துடைக்கும் துணி நின்றது. "எது?"

"எதிர்வீட்டு வண்டி. பூனைகூட பயப்படல."

"நிக்கிறதுல என்ன அழகு? சைக்கிள்கூடத்தான் நிக்கும்."

"ஆமாமா" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

வேண்டுமென்றே சொன்னாளா? அதை நீங்கள் அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டாலும் சொல்ல மாட்டாள். ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து ஒன்றைப் பார்த்தாள். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் காரையே வெறித்துக்கொண்டிருந்தார். அதுவரை அந்தக் கார் ஓடுவதையும் மின்னுவதையும் அவர் தூசாக நினைத்திருந்தார். அது நிற்பதை யாரும் புகழ்ந்து அவர் கேட்டதில்லை. தகர டப்பா நிற்பது அழகாம்! இரும்பு நிற்பது எப்படி இருக்க வேண்டும்?

விடிந்ததும் பம்பரைப் பழையபடி மாட்டினார். ஒரு போல்ட்டைக் காணோம். கம்பியால் இறுக்கிக் கட்டினார். காரை நேரே மெக்கானிக்கிடம் கொண்டுபோய், "இந்த ஊர்ல வேற எந்த வண்டியும் நிக்காத மாதிரி இது நிக்கணும்" என்றார்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "ஆயில் பூரா கசிஞ்சிருக்கு, உள்ள பிரேக் ஷூ தேஞ்சு தகடாயிடுச்சு. இதுல எப்படி சார் ஓட்டுனீங்க?"

"நீ ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தப்பல்லாம் நீங்க ஹாரன் அடிச்சுக் காட்டுனீங்களே சார்."

பிரேக் வந்தது. தெருவுக்குப் பிடித்தது சனி. முன்பெல்லாம் கதவைச் சாத்திக் காட்டி விட்டுவிடுவார். இப்போது "ஏறுங்க, ஒரே ஒரு ரவுண்டு" என்று ஏற்றிக்கொண்டு போய், ஆளில்லாத ரோட்டில், பேசிக்கொண்டே இருக்கும்போது, சட்டென்று ஒரே மிதி! எதிர்வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி பறந்து டாஷ்போர்டில் விழுந்து, காதில் மாட்டும் கம்பி உடைந்தது. "கவலப்படாதீங்க, நம்ம கடைதானே" என்று இவர் சந்தோஷமாக எடுத்துப்போனார். ஹாரனைப் பற்றிக் கேட்டவர்களிடம், "ஹாரன் கெடக்குது. நிக்கத் தெரிஞ்ச வண்டிக்கு ஹாரன் எதுக்கு?" என்றார். இந்த ஞானம் தனக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது என்று அவர் நம்ப ஆரம்பித்திருந்தார்.

மலைக்குப் போன கதையைக் கேளுங்கள். நின்று நின்று போனார்கள். அருவி தெரிந்தால் நிறுத்தினார், தெரியாவிட்டால் தெரியவில்லையே என்று நிறுத்தினார். தண்ணீர் பாட்டில் இரண்டு தடவை மனைவியின் மடியில் கவிழ்ந்தது.

"அப்பா, நிக்கும்னு நம்பிட்டேன். போகும்னு கொஞ்சம் காட்டுங்கப்பா" என்றாள் மகள், முன்சீட்டில் இடித்த நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

ஆஸ்பத்திரி வாசலில், வாட்ச்மேனின் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். வாட்ச்மேன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "பழைய வண்டியா இருந்தாலும் சும்மா ஆணி அடிச்ச மாதிரி நிக்குது சார்!" கடைக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது. "ஆனா இங்க நிக்கக் கூடாது" என்றார் வாட்ச்மேன். பம்பரை யாரும் பார்க்கவில்லை. எந்த டாக்டரும் வெளியே வரவில்லை.

மகளை விட்டுவிட்டு மலை இறங்கும்போதுதான் அது நடந்தது. ஒரு வளைவு திரும்பினால், ரோட்டை அடைத்துக்கொண்டு சாய்ந்து கிடக்கிறது ஒரு லாரி. அவர் மிதித்தார். ஒரே மிதி. கார் நின்றது. லாரிக்கும் வெள்ளிப் பறவையின் அலகுக்கும் நடுவே ஒரு கை நீளம் இருக்கலாம். ரேடியேட்டர் மட்டும் 'உஸ்' என்றது. பார்க்க ஆளில்லை, பாராட்ட ஆளில்லை. ஆச்சரியம் என்னவென்றால், யாராவது பார்த்தார்களா என்று அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"போன மாசமா இருந்தா..." என்றார்.

"இது போன மாசம் இல்லீங்களே" என்றாள் மனைவி. ஸ்டீரிங்கின் மேல் இருந்த அவர் கையில் தன் கையை வைத்தாள். அப்புறம், "அழகா நிக்குது" என்றாள். இந்தத் தடவை காரிடம்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனார். ஏதோ புதிதாகக் கண் திறந்தவர்போல் சுற்றும் முற்றும் பார்த்தார். குழாயில் ஒரு துணி சுற்றியிருந்தது, துணியின் மேல் கயிறு, கயிற்றின் மேல் இன்னொரு துணி. கீழே குடம். சொட்டு, சொட்டு, சொட்டு.

"இது எத்தனை நாளா ஒழுகுது?"

"அது கொஞ்ச நாளா..."

"ஏன் இதச் சரிபண்ணல? திரை வாங்கினியே, அந்தப் பணத்துல குழாயத்தானே மாத்தியிருக்கணும்? எது முக்கியம்னு ஒரு வரிசை வேணாமா?"

திரை வாங்கியது நாத்தனார் வருகிறாள் என்பதற்காக. நாத்தனார் முன்னறையில் உட்காருவாள், சமையலறைக்கு வர மாட்டாள். இதையெல்லாம் சொல்ல முடியுமா? அவள் வாய் தானாகத் திறந்தது.

"அது அடுத்த மாசம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் குடத்தைப் பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கொஞ்சம் அசையாமல் உட்கார்ந்து சிரியுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறதே, எத்தனை நாளாக? அதன்மேல் போட்டிருக்கும் மெத்தை மட்டும் புதிதாக இருக்கிறதே! ஆடுகிற காலுக்கு முட்டுக்கொடுக்க ஏதாவது காகிதம் அகப்படுமா என்று இப்போது தேடுவீர்கள். எங்கும் போக வேண்டாம். இந்தத் தாளைத்தான் படித்து முடித்துவிட்டீர்களே. மடித்து வையுங்கள். ஆசாரியை அடுத்த மாதம் கூப்பிட்டுக்கொள்ளலாம்.