வெந்நீருக்குப் பயந்த விபூதி

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் போகிற பஸ்ஸில் ஏறி, "சித்தர் ஸ்டாப்பிங் ஒண்ணு" என்று கேட்டால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் கிழிப்பார். அரசாங்கம் அப்படி ஒரு நிறுத்தம் வைக்கவில்லை. கூட்டம் வைத்தது. கூட்டம் இறங்குகிற இடமெல்லாம் நம் நாட்டில் நிறுத்தம்தான். நின்று யோசிக்கத்தான் ஓர் இடம் கிடையாது.

இறங்கினால் தகரக் கொட்டகை. முன்னால் பெரிய பேனர். பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, பச்சைத் தலைப்பாகையோடு ஒருவர் கை உயர்த்தி ஆசீர்வதிப்பார். அவர் காலடியில் ஒரு புழு கைகூப்பி நிற்கும். 'புழுவடக்கும் பச்சைச் சித்தர்.' புழுவுக்குக் கை ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. பேனர் அடித்தவரும் கேட்கவில்லை. அவருக்குக் கூலி வந்துவிட்டது.

சித்தரின் சரக்கு ஒரு பொட்டலம் விபூதி. நடவுக்கு முன்னால் அதைத் தண்ணீரில் கலந்து நாற்றின் வேரை நனைக்க வேண்டும். அதற்குப் பெயர் 'வேர் ஸ்நானம்'. நிபந்தனைகள் உண்டு. பொட்டலத்தில் வெயில் படக்கூடாது. பொழுது சாய்ந்த பிறகே கலக்க வேண்டும். பூச்சிமருந்து வாடையே ஆகாது. ஆடியில் வாங்கியதைத் தை வரைக்கும் வைத்திருந்தால் சக்தி போய்விடும். சாமிக்கும் எக்ஸ்பயரி தேதி உண்டு என்று நான் அங்கேதான் கேள்விப்பட்டேன்.

இதில் பெரிய தொல்லை என்னவென்றால், விபூதி வேலை செய்தது. வருஷா வருஷம் இலையைச் சுருட்டி உள்ளே உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்கிற இலைச்சுருட்டுப் புழு, ஸ்நானம் செய்த வயல்களில் அடங்கித்தான் போயிற்று. வெறும் பொய் ஒரு போகத்தில் செத்துவிடும். பாதி உண்மை கலந்த பொய்தான் தியான மண்டபத்துக்கு அஸ்திவாரம் போடும்.

போட்டார்கள். அதற்குள் அதே பொட்டலம் எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிட்டது. பெண்ணுக்கு வரன் வரவில்லையா, நெற்றியில் பூசு. தறியில் இழை அறுகிறதா, பாவு நூலில் தூவு. மாமியாருக்கு மூட்டுவலியா, ஒரு சிட்டிகை வாயில் போடு.

இந்த நேரத்தில்தான் பாஞ்சாலையின் வயலில் புழு விழுந்தது.

பாஞ்சாலைக்குக் காலையில் ஆரணிச் சாயப்பட்டறையில் பட்டு நூல் அவிக்கிற வேலை. மீதி நேரம் குத்தகை வயல். வயல் பட்டுக்கடை வேணுகோபாலுடையது, சித்தர் கொட்டகைக்குப் பக்கத்தில் ரோட்டை ஒட்டியது. பக்கத்து வயல்காரி சிவசங்கரியும் இவளும் ஒரே நாளில் பொட்டலம் வாங்கினார்கள். ஒரே நாற்றங்கால், ஒரே நாள் நடவு. சிவசங்கரி வயல் பச்சை. பாஞ்சாலை வயல் வெள்ளைக்கோடு விழுந்து வெளுத்துக் கிடந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், மைக்குக்கு முன்னால் சித்தர் கண்ணை மூடிக் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"ஸ்நானத்தன்னைக்கு நீ வீட்டுக்குத் தூரம்."

"கர்ப்பப்பைய எடுத்து நாலு வருசம் ஆவுது சாமி. வேலூர்ல ஆபரேசன். இல்லாத பைக்கு எங்கிருந்து தூரம்?"

சித்தர் இன்னும் இறுக்கி மூடினார். "அப்போ உன் மருமக."

"எம் பையன் எட்டாவது படிக்கிறான்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தர் சட்டென்று கண்ணைத் திறந்தார். "உன் கைக்கு ராசி இல்ல. அவ்ளோதான். இந்தக் கை பட்ட நிலத்த மூணு போகம் ஆசிரமத்துக்கு விட்டாத்தான் தோஷம் கழியும்."

'கைராசி' என்பது எங்கள் பக்கத்தில் நாகரிகமான சொல். கொஞ்சம் கழுவிப் பார்த்தால் அடியில் சாதி என்கிற வேறு சொல் தெரியும். தோஷமுள்ள அந்த நிலம் கார் நிறுத்துவதற்கு வசதியான இடம் என்பதும் தெரியும்.

வேணுகோபால் தலையாட்டினார். தம் கடையில் இவர் சரிகையைக் கல்லில் உரசாமல் சேலை வாங்கமாட்டார். ஓர் இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்த்துத்தான் பட்டு என்று ஒப்புக்கொள்வார். சித்தர் முன்னால் மட்டும் மூக்கைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வருவார்.

"இன்னா பண்றது பாஞ்சால, சாமி சொல்லிட்டாரு. அறுத்துட்டு நிலத்த விட்டுடு."

மறுநாளிலிருந்து களையெடுக்கக் கூப்பிட்டாலும் பெண்கள் அவள் வயலில் இறங்கவில்லை. அந்தக் கைராசி தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம்.

பாஞ்சாலை சிவசங்கரியை வரப்பிலேயே மடக்கினாள். "யக்கா, நீ எப்படிக் கலந்த?"

"பச்சத் தண்ணியிலதான். ஏன், நீ?"

"நான் கொதிக்க வெச்சேன். கொதிச்சி ஆறினப்புறம்தான் நாத்த நனைச்சேன்."

"அட, இன்னாத்துக்குடி?"

"சூடு இல்லாம பட்டுல சாயம் ஏறுமா? சாமியும் நல்லா ஏறட்டும்னுதான்!"

சொல்லிவிட்டு அவளே நின்றாள். பொட்டலம் ஒன்று, நாற்று ஒன்று. வித்தியாசம் அடுப்பு மட்டும்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை சித்தர் ஸ்டாப்பிங்கில் சுதாகரின் ஆட்டோ பாஞ்சாலையோடு வந்து நின்றது. சுதாகர் அவள் கொழுந்தன். கேஸ் அடுப்பையும் சாயப்பட்டறை அண்டாவையும் இறக்கி, சித்தர் மேடைக்கு எதிரிலேயே பற்றவைத்தான். மறுநாள் காலையில் வேணுகோபாலின் சொந்த வயலுக்கு நடவு. நாற்றுக் கட்டுகள் வந்திருந்தன. சித்தரே தம் கையால் ஸ்நானத் தண்ணீர் கலப்பதாக ஏற்பாடு.

"சாமி, மொதலாளி நாத்துக்கு இந்தத் தண்ணியில போடுங்க," என்றாள் பாஞ்சாலை. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. "ஆறினப்புறம் நனைச்சிக்கலாம். என் கையே படல. எல்லாம் உங்க ராசியான கைதான்."

"வெந்நீர்ல போடுறது முறையில்லமா."

"ஏங்க? தீச்சட்டி எடுக்கிறோம், தீ மிதிக்கிறோம். எந்தச் சாமி சூட்டுக்குப் பயந்துச்சி?"

"அதானே!" என்றது கூட்டம். கூட்டத்துக்கு யார் பேசினாலும் 'அதானே'தான்.

"போடுங்க சாமி," என்றார் வேணுகோபால். "சக்திதானே, இன்னா ஆயிடப் போவுது?"

சித்தர் பொட்டலத்தைப் பிரித்தார். மடித்தார். மறுபடி பிரித்தார். இந்த நாற்றில் புழு விழுந்தால் மண்டபம் அஸ்திவாரத்தோடு நின்றுவிடும்.

"ஜல்தி சாமி, கேஸ் தீர்ந்துடும்," என்றான் சுதாகர்.

பாஞ்சாலை பொட்டலத்தைப் பிடுங்கி அண்டாவுக்கு மேலே சாய்த்தாள்.

"ஏய், கொட்டாத! செத்துடும்!"

மைக் ஆன் ஆகித்தான் இருந்தது. 'செத்துடும்' ரோடு வரைக்கும் கேட்டது.

"எது செத்துடும்?" என்றாள் பாஞ்சாலை.

"அது... சக்தி."

"வெந்நீர்ல செத்துப்போறது சக்தியா, மூட்டப்பூச்சியா?"

வேணுகோபால் எழுந்தார். கடையில் விட்டுவிட்டு வந்த புத்தி ஒருவழியாக வந்து சேர்ந்தது. "எது சாவும்னு சொல்லு. நான் ஸ்டேஷனுக்குப் போன் பண்றதுக்குள்ள சொல்லு."

பச்சைத் தலைப்பாகை தானாக இறங்கியது. அடியில் ஹேமநாத் என்கிற பழைய உரக்கடை ஆள் இருந்தார்.

"பாக்டீரியாங்க. சூடோமோனாஸ்னு பேரு. வெள்ளக்கல்லு மாவுல கலந்து கடையில விக்கிறதுதான். வேர்ல போய் ஒட்டிக்கும். புழுவ அது கொல்லாது. செடிய உசுப்பி விடும். செடி உஷாராயி, புழுவுக்கு ஒத்துக்காத சரக்க இலையில தயார் பண்ணி வெச்சிக்கும். அதத் தின்ன புழு வளராது." தம்மை மறந்து உற்சாகமாகிவிட்டார். "ரெண்டு வருசம் கடையில உக்காந்து இதையே கத்திகினு இருந்தேன். பாக்டீரியான்னா 'சீக்கு வந்துடும்'னு ஓடினீங்க. விபூதின்னு சொன்னேன், வரிசையில நின்னீங்க. இப்போ யாரு மேல தப்பு?"

கேள்வி நியாயமானதுதான். திருடன் கேட்டாலும் நியாயம் நியாயமே. கூட்டம் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டது.

"அதான் எங்க மாமியாருக்கு மூட்டுவலி போவல," என்றான் சுதாகர். "ஆனா அவங்க மேல இலைச்சுருட்டுப் புழு மட்டும் வரவே இல்ல."

பாஞ்சாலை சிரிக்கவில்லை. "மருந்து நெசம். ஒத்துக்கிறேன். என் கைக்கு ராசி இல்லன்னு சொன்னியே, அத எந்த பாக்டீரியா வந்து உன் காதுல சொல்லிச்சி?"

ஹேமநாத் தலைப்பாகையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"குத்தகை உன்னுதே பாஞ்சால, நீயே ஓட்டு," என்றார் வேணுகோபால் அவசரமாக.

"நிலம் இருக்கட்டும் மொதலாளி. மைக்குல சொன்னத மைக்குலயே வாபஸ் வாங்கச் சொல்லுங்க. அப்புறம் நீங்களும் ரெண்டு வார்த்த சொல்லுங்க. தலையாட்டினது நீங்கதானே."

இருவரும் சொன்னார்கள். வேணுகோபால் மட்டும் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார். திங்கட்கிழமை களையெடுக்கப் பெண்கள் வந்தார்கள். பாஞ்சாலை ஒவ்வொருத்தி கையையும் பிடித்துத்தான் வயலில் இறக்கிவிட்டாள்.

இப்போது அந்த மாவை வேளாண் விரிவாக்க மையத்தில் ரசீது போட்டுக் கொடுக்கிறார்கள். நல்ல கூட்டம். போன வாரம் பார்த்தேன். பாதிப்பேர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போய், பாக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஒருவர் கற்பூரமே ஏற்றிவிட்டார். உள்ளேயிருந்து அலுவலர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமிக்கு மூளை கிடையாது. அதுகூட வேர் எது, கல் எது என்று பார்த்துத்தான் ஒட்டுகிறது. அண்ணே, அக்கா, உங்களுக்கு மூளை இருக்கிறது. எதில் போய் ஒட்டுகிறோம் என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஒட்டினால் என்ன?