கணக்கு 27-க்கு வந்த கண்டம்

உயிரே போனாலும் கணக்கு 27-ஐ விட்டுக்கொடுப்பதில்லை என்று டெல்பர்ட் சில்வேரா திங்கட்கிழமை காலை, முட்டையும் தொத்திறைச்சியும் தின்றுகொண்டே முடிவெடுத்தார். வெறும் வயிற்றில் அவர் எந்தப் பெரிய முடிவும் எடுப்பதில்லை.

விஷயம் இதுதான். கலிஃபோர்னியாவில் நூற்றுக்கும் மேல் சமுதாயக் கல்லூரிகள். ஒரே புள்ளியியல் பாடத்துக்கு ஒரு ஊரில் கணக்கு 27 என்று பெயர், அடுத்த ஊரில் கணக்கு 14, அதற்கடுத்த ஊரில் 110. ஊர் மாறிய மாணவர்கள் படித்ததையே மறுபடி படித்துத் தொலைத்தார்கள். இனி எல்லாக் கல்லூரிக்கும் ஒரே எண் என்று மாநிலம் சொல்லிவிட்டது. ‘எங்கள் பாடம் வேறு, அவர்கள் பாடம் வேறு’ என்று நிரூபிக்கிற கல்லூரி மட்டும் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சந்தில்தான் டெல்பர்ட் தலையை நுழைத்திருந்தார். கணக்குத் துறைக்கு அவர்தான் தலைவர். இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு 27-ஐ நடத்துகிற ஒரே ஆளும் அவர்தான். காரின் எண் பலகைகூட விண்ணப்பம் போட்டு வாங்கிய ‘மேத் 27’. வியாழக்கிழமை பாடத்திட்டக் குழு கூடுகிறது. அதில் முழங்குவதற்குப் பதினொரு பக்கம் எழுதி வைத்திருந்தார்.

மனைவி ஐலீன் காப்பியை ஊற்றிவிட்டு, ஒரு தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“டெல், இது உன் கையெழுத்துதானே?”

“ஆமா. மில் க்ரீக் கல்லூரில கணக்கு 14 படிச்ச யாரோ, அதை நம்ம 27-க்குச் சமமா ஏத்துக்கச் சொல்லிக் கேட்டிருந்தாங்க. முடியாதுன்னுட்டேன்.”

“அந்த யாரோ நான்தான்.”

விண்ணப்பத்தில் பெயர் இருக்காது, மாணவர் எண் மட்டும்தான். ஆள் யாரென்று தெரியாமல் தள்ளுவதுதான் நியாயம் என்று வாதாடி அந்த முறையைக் கொண்டுவந்தவரே டெல்பர்ட்தான். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

ஐலீனுக்கு ஐம்பத்தொரு வயது. இரண்டு பிள்ளைகள், அப்பாவின் மாட்டுப் பண்ணை, புருஷனின் வேலை மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில், மூன்று கல்லூரிகளில் துண்டு துண்டாகப் படித்தவள். ஆரம்பப் பள்ளியில் பதினாறு வருடமாக உதவியாளராகவே இருக்கிறாள். இப்போதுதான், ஆசிரியர் ஆவதற்கான படிப்பில் மாநிலப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருக்கிறது. ஜூனுக்குள் புள்ளியியல் முடித்ததாக டெல்பர்ட்டின் கல்லூரி எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் இடம் போச்சு. அந்த இடத்துக்காக அவள் எவ்வளவு ஏங்கினாள் என்று டெல்பர்ட்டுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

“அங்க கை-ஸ்கொயர்ங்கற பாடத்தை ஒரே வாரத்துல முடிச்சுடறாங்க ஐலீன். நான் ரெண்டு வாரம் நடத்துறேன்.”

“நான் அதுல ஏ கிரேடு வாங்கினேன்.”

“அங்க வாங்கின ஏ.”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவருக்கு நாலாவது காலை ஒப்புக்கொள்வது அவ்வளவு சுலபமா?

ஐலீன் சண்டை போடவில்லை. அதுவே அவரை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும்.

“சரி, விதின்னா விதிதான். ஜனவரில உன் கிளாஸ்லயே சேர்ந்து படிச்சுக்கறேன். முதல் வரிசைல உக்காந்துக்கறேன்,” என்றாள்.

டெல்பர்ட்டுக்கு உச்சி குளிர்ந்தது. கட்டிய மனைவி தன் பேச்சைக் குறுக்கே பேசாமல் வாரம் ஆறு மணி நேரம் கேட்கப்போகிறாள். குறிப்பு வேறு எடுப்பாள். கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாக டீன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புருஷன் பெண்டாட்டிக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பது விதி. இருப்பதோ ஒரே வகுப்பு. அவள் சேர்ந்தால் அந்த வகுப்பை அதே துறையில் இருக்கும் ஃபோகர்ட்டிக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும், டெல்பர்ட் காலை ஏழு மணிப் பின்னக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

ஃபோகர்ட்டி! பொது எண் வேண்டும் என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்குகிறவன். கை-ஸ்கொயரைக் கலர் கலராக மிட்டாய் வைத்து நடத்துகிறவன்.

டெல்பர்ட் அன்று மாலை குரலில் தேன் தடவிக்கொண்டு வீடு திரும்பினார்.

“பேசாம வேற கல்லூரில படிச்சிடேன் ஐலீன்.”

“அதெல்லாம் உன்னோடதுக்குச் சமமில்லைன்னு நீதானே சொன்னே?”

“ஃபோகர்ட்டிகிட்ட போய் நீ என்னத்தைக் கத்துக்கப் போறே?”

“நல்லா நடத்துவாராம். மிட்டாய்கூடத் தருவாராம்.”

செவ்வாய் முழுக்க டெல்பர்ட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால், தன் கரும்பலகைக்கு முன்னால் ஃபோகர்ட்டி மிட்டாய் எண்ணிக்கொண்டு நின்றான். புதன்கிழமை சாயங்காலம் புது விண்ணப்பத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, ‘சமமானது’ என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

“காரணம்னு ஒரு இடம் காலியா இருக்கே,” என்று ஐலீன் பணிவாகச் சுட்டிக்காட்டினாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: ‘இரண்டும் ஒரே பாடம்தான்.’

வியாழக்கிழமை குழு கூடியது. அந்த வாரம் ஏற்கப்பட்ட விண்ணப்பங்களைக் கூட்டத்தின் தொடக்கத்தில் வாசிப்பது வழக்கம். அந்த நேரத்தில் டெல்பர்ட் எப்போதும் பிஸ்கட் தேடிக்கொண்டிருப்பார், காதில் வாங்கியதே இல்லை. இன்று வாங்கினார். மில் க்ரீக் கணக்கு 14-ஐயும் நமது கணக்கு 27-ஐயும் பற்றிக் கணக்குத் துறைத் தலைவர் தன் கைப்படச் சான்றளித்திருப்பது என்னவென்றால், இரண்டும் ஒரே பாடம்தான் என்று வாசித்தார்கள். மில் க்ரீக் ஏற்கெனவே பொது எண்ணுக்கு மாறிவிட்டது; ஒரே பாடம் என்றால் 27-க்கும் இனி அந்த எண்தான். ஃபோகர்ட்டி அவரிடம் பிஸ்கட் தட்டை நகர்த்தினான். பதினொரு பக்கமும் பைக்குள்ளேயே இருந்துவிட்டன.

வீட்டில் ஐலீன் பல்கலைக்கழகத்தின் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் டெல்பர்ட்டுக்குக் கோபம் வர மறுத்தது. அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. ஆனாலும் ஆம்பிளை என்று ஒரு வீறாப்பு வேண்டாமா?

“எண் போனாப் போகுது. கிளாஸைக் காப்பாத்திட்டேன். நீ மட்டும் சேர்ந்திருந்தா அதுவும் ஃபோகர்ட்டிக்குப் போயிருக்கும்,” என்றார்.

ஐலீன் தலை நிமிராமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

“நான் எங்கேருந்து சேர்றது டெல்? உன் கிளாஸ் போன மாசமே நிரம்பிடுச்சு. காத்திருக்கறவங்க பட்டியல்ல நான் நாப்பத்தி மூணாவது ஆளு.”