சகலம் ஓய்வெடுக்கிறார்

உழைத்துக் களைத்தவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. ஓய்வெடுத்துக் களைத்தவரைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பித்திருக்க வழியே இல்லை. ஏனென்றால் இந்த இனம் தான் ஓய்வெடுக்கப் போவதை நாலு பேருக்கு முன்கூட்டியே அறிவித்து, அறிவித்தது காதில் விழுந்ததா என்று விசாரித்து, விழாதவர்களுக்கு மறுபடியும் அறிவித்து, அதற்கப்புறம்தான் காலை நீட்டும். நீட்டிய காலைப் படம் எடுக்கும். "மௌன நாள். தயவுசெய்து யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று படத்துக்குக் கீழே எழுதிப் போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கும். ஒருவரும் தொந்தரவு செய்யவில்லை என்றால் அதன் முகம் வாடிவிடும்.

தேவாலயங்களை ஒட்டி இந்த இனம் இன்னும் கொழுகொழுவென்று வளரும். உலகத்தைப் படைத்தவரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்ற பெரிய இடத்துச் சிபாரிசு கையில் இருக்கிறதே! வெறுமனே படுத்துக் கிடப்பதைக்கூட ஊழியக் கணக்கில் சேர்த்துவிடலாம்.

நம்முடைய ஆள் ஒரு மருத்துவமனையில் பண்டகசாலைப் பொறுப்பாளர். வாரம் முழுக்கப் பஞ்சும் ஊசியும் கையுறையும் எண்ணிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சபையையே எண்ணி நடத்துவார். பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று கை வீசுவது அவர், அறிவிப்பு வாசிப்பது அவர், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது அவர், ஆராதனைக்கு முன்னால் மைக்கை விரலால் தட்டி "ஹலோ, ஹலோ" என்று மைக்கையே நலம் விசாரிப்பது அவர், மின்விசிறி கறகறத்தால் அண்ணாந்து முறைப்பதும் அவரே. முறைத்தால் அது அடங்கிவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. சபையில் அவருக்குச் 'சகலம்' என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் ஒரு கல்யாண வரவேற்பில் நன்றியுரை சொல்ல எழுந்தார். முந்தின நாள்தான் ஓர் அடக்க ஆராதனையிலும் நன்றியுரை சொல்லியிருந்தார். களைப்போ என்னவோ, நாக்கு பழைய தடத்திலேயே ஓடிவிட்டது. "இந்தத் துக்கத்தில் எங்களோடு பங்குகொண்ட அனைவருக்கும்" என்று கணீரென்று தொடங்கி, "இந்த இழப்பைத் தாங்கும் பலத்தைக் குடும்பத்தாருக்குத் தந்தருளும்படி" என்பது வரைக்கும் வந்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா, பழக்கதோஷம், "ஆமென்" என்றார்.

மறுநாளே பாஸ்டர் அவரைத் தனியாக அழைத்தார்.

"பிரதர், மூணு மாசம் முழு ஓய்வு எடுத்துக்குங்க. ஒரு பொறுப்பும் வேண்டாம். நிலத்தையே ஏழு வருஷத்துக்கு ஒருதரம் சும்மா போட்டு வைக்கச் சொல்லி வேதத்துலயே இருக்கு. நீங்க எத்தனை வருஷமா நிக்காம விளைஞ்சுகிட்டே இருக்கீங்க!"

"அதெல்லாம் சரி பாஸ்டர். மூணு மாசம் நான் இல்லாம சபை தாங்குமா?"

"தாங்கும் பிரதர்."

பதில் இவ்வளவு வேகமாக வந்திருக்க வேண்டாம். ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். தாடையைத் தடவியிருக்கலாம். "கஷ்டம்தான், சமாளிக்கணும்" என்று ஒரு பெருமூச்சாவது விட்டிருக்கலாம். சகலத்துக்கு நெஞ்சில் சுருக்கென்றது. உங்களிடம் சொல்வதற்கென்ன, தான் இல்லாவிட்டால் சபை சரிந்துவிடும் என்ற பயம் அவருக்குக் கொஞ்சமும் கிடையாது. சரியாமல் போய்விட்டால்? அந்தப் பயம்தான் அவரைப் பிடித்து ஆட்டியது.

அடுத்த ஞாயிறு தன் ஓய்வைத் தானே அறிவித்தார். அன்றைய பிரசங்கத்தைவிட அறிவிப்பு நீளம். ஓய்வு என்றால் என்ன, மூல மொழியில் அதற்கு என்ன பொருள், அது சோம்பலில் சேர்த்தியா இல்லையா, தன்னைப் போன்றவர்கள் ஓய்வெடுப்பதால் மற்றவர்களுக்கு வரக்கூடிய கலக்கத்தை எப்படித் தாங்குவது என்று விளக்கி முடித்தபோது எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். முடித்ததற்காகத் தட்டினார்களோ என்று அவருக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனாலும் கண் கலங்கினார்.

பிறகு ஓய்வுக்கான ஏற்பாடுகள் தொடங்கின. சாய்வு நாற்காலி வந்தது. ஓய்வைப் பற்றித் தடிதடியான புத்தகங்கள் வந்தன. எல்லாவற்றிலும் மூன்று நிறத்தில் அடிக்கோடு போட்டார். அகலமான ஓலைத்தொப்பி ஒன்று வாங்கினார். ஓய்வெடுக்கிறவர்கள் படங்களில் எல்லாம் தொப்பி போட்டிருக்கிறார்களாம். அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தார். காற்றில் தொப்பி பறக்கும். எழுந்து போய் எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்வார். இதிலேயே காலைப்பொழுது போய்விடும்.

அவருடைய மனைவி கணக்கு டீச்சர். வாரம் முழுக்க நின்றுகொண்டே கத்துகிற உத்தியோகம். அந்த அம்மாளுக்கு என்று உலகத்தில் இருந்தது ஒரே ஒரு சுகம்: சனிக்கிழமை மத்தியானம் கணவர் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, சோபாவில் காலைத் தூக்கிப் போட்டு, வாரப் பத்திரிகைத் தொடர்கதையைப் பாதி படித்து மீதியில் தூங்கிப்போவது. இதற்கு அவள் பெயர் எதுவும் வைத்ததில்லை. யாருக்கும் அறிவித்ததும் இல்லை. கணவர் ஓய்வெடுக்கத் தொடங்கிய அன்றே அதுவும் ஒழிந்தது. ஏனென்றால் அவர் குடும்பத்தோடு ஓய்வெடுப்பது என்று தீர்மானம் செய்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவள் கண்ணயர்கிற நேரம் பார்த்து ஞாயிறு பள்ளி மணியைக் கொண்டுவந்து கிணுகிணுவென்று அடித்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு? தீப்பிடிச்சிருச்சா?"

"அமைதி நேரம் ஆரம்பிச்சாச்சு."

"நான் அமைதியாத்தானே கிடந்தேன்? மணியடிச்சு எழுப்பினது நீங்கதானே?"

"அது தூக்கம். இது அமைதி. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. எழுந்து உட்காரு, சொல்றேன்."

சொன்னார். அமைதியைப் பற்றிச் சாயங்காலம் வரை சொன்னார். நடுவில் ஒருமுறை, "ஓய்வு நேரத்துல டீ எப்ப வரும்?" என்று கேட்டார்.

"யாரு போடறது?"

"அதைத்தான் நானும் கேட்டேன்."

அந்த அம்மாள் டீ போட்டாள். பாத்திரம் வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பூனை எழுந்து வேறு வீட்டுக்குப் போனது.

போனை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார். உண்மைதான். பூட்டிவிட்டு மனைவியின் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். "பாடகர் குழுவுல யாராச்சும் என்னைப் பத்தி ஏதாவது போட்டிருக்காங்களா பாரேன்" என்பார். யாரும் எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். ஒருநாள் மனசு கேட்காமல் அதே போனிலிருந்து தேவாலயக் காவல்காரரைக் கூப்பிட்டார்.

"சும்மாதான் கூப்பிட்டேன். நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேங்க ஐயா."

"கோயில் எப்படி இருக்கு?"

"அங்கேயேதாங்க இருக்கு."

"இல்ல... நான் இல்லாம எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"ஓ, நீங்க இல்லைங்களா? நான் பின்வாசல் பக்கம்ல இருக்கேன், கவனிக்கலைங்க ஐயா."

அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. 'சாதாரண விசுவாசியாக'ப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காரப் போவதாக அறிவித்தார். போனார். கடைசி பெஞ்சிலும், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நடைபாதை ஓரமாக உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். பாடகர் குழு வரிசையாக வந்து நின்றது. அவர்களுக்கு முன்னால் அவர் வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஒருவரும் வந்து நிற்கவில்லை. பாஸ்டர் யாரையும் நியமிக்கவே இல்லை!

சகலத்தின் வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் புரண்டது. இது நல்ல சந்தோஷம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. "மன்னியும்" என்று மேலே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு சந்தோஷத்தைத் தொடர்ந்தார். பாட்டு எப்படிச் சிதறும் என்று மனக்கண்ணில் பார்த்தார். பெண்கள் ஒரு பக்கம் இழுப்பார்கள், தடித்த குரல்காரர்கள் ஒரு அடி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள், சபை நெளியும், பாஸ்டர் பரிதாபமாகக் கடைசி பெஞ்சைப் பார்ப்பார். அப்போது இவர் எழுந்திருப்பார். உடனே எழக்கூடாது. முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். கைக்குட்டையைக்கூட எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆர்கன் வாசிப்பவர் ஒரு பல் டாக்டர். அதிகம் பேசாத பெண்மணி. வேலை நேரத்தில் எதிராளியையும் பேச விடாதவர். அவர் முன்னிசையை வாசித்து முடித்துத் தாடையை இத்தனூண்டு மேலே தூக்கினார்.

குழு பாடியது. ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாகப் பாடியது. தாடை தாழ்ந்தபோது குரல் தாழ்ந்தது. தாடை லேசாக வலப்பக்கம் திரும்பியதும் தடித்த குரல்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள், ஒரு அடிகூடப் பிந்தாமல். பாட்டு முடிந்தபோது முன்வரிசைக் கிழவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சகலம் மடியில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா," என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார், "இவங்க யாரைப் பாத்துப் பாடறாங்க?"

"பல் டாக்டரோட தாடையை."

"எப்பலேருந்து?"

அந்த அம்மாள் பாட்டுப் புத்தகத்தை மூடினாள். ஒரு காலத்தில் அவளும் அந்தக் குழுவில் பாடியவள்தான்.

"எப்பவுமே அப்படித்தாங்க."

"அப்ப... நான்?"

"நீங்க கை வீசுவீங்க. நாங்க தாடையைப் பாப்போம். நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?"

கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். இத்தனை வருஷமாக இரண்டு கையையும் தூக்கித் தோள்பட்டை வலிக்க வலிக்க வீசி, வீட்டுக்கு வந்து அவளிடமே தைலம் தேய்த்துக்கொண்டவர் அவர். பாவம், அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. சகலம் என்று இருந்தவர் சும்மா ஒருவராக வீடு திரும்பினார். வழியில் யார் யாரோ "ஓய்வெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டார்கள். அவர் விளக்கம் சொல்லவில்லை. அவர் விளக்கம் சொல்லாதது அதுவே முதல்தடவை என்பதால் கேட்டவர்கள் பயந்துபோய் உடம்புக்கு ஏதாவதா என்று மனைவியிடம் விசாரித்தார்கள்.

அன்று மத்தியானம் அவர் மணி அடிக்கவில்லை. தொப்பியும் போடவில்லை. நாற்காலியில் சாயாமல், மரத்தில் செய்து வைத்தமாதிரி உட்கார்ந்திருந்தார். சோபாவில் மனைவி காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தொடர்கதையோடு தூங்கிப்போனாள். வேறு வேலை இல்லாததால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்று நின்று கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. இது எப்போதிருந்து இப்படி என்று யோசித்தார், தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. பத்திரிகை முகத்தில் சரிந்து விழப் பார்த்தது. மெதுவாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அவர் எதையும் செய்யவில்லை. எதையும் செய்ய வேண்டும் என்றும் தோன்றவில்லை. சபை, குழு, மைக் எதுவும் ஞாபகத்துக்கு வராமல் வெகுநேரம் ஓடியது. அவருக்குத்தான் அது என்னவென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் உடனே கெடுத்திருப்பார்.

மனைவியின் போன் அதிர்ந்தது. பாஸ்டர். பாய்ந்து எடுத்தார்.

"பிரதர், ஓய்வு நேரத்துல தொந்தரவுக்கு மன்னிக்கணும். சாயங்காலம் இளைஞர் கூட்டத்துல ஓய்வைப் பத்தி உங்க அனுபவத்தைச் சாட்சியாச் சொல்லணுமே. ஒரு மணிநேரம் போதும்."

ஒரு மணிநேரம்! மைக்! உடம்பு தானாக எழுந்து நின்றது. சட்டைப் பொத்தானைக்கூட ஒரு கை தேடிவிட்டது. அப்போது சோபாவைப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்க பாஸ்டர். வீட்டுல தூங்கறாங்க," என்றார். பிறகு, தன் வாயிலிருந்துதான் வருகிறதா என்று தானே ஆச்சரியப்பட்டுக்கொண்டு, "நான் வரலை. இன்னைக்கு வீட்டுலயே இருக்கேன்" என்றார்.

போனை வைத்தார். உள்ளுக்குள் ஒரு அமைதி பரவியது. இதுதான்! புத்தகம் புத்தகமாக அடிக்கோடு போட்டும் அகப்படாதது இதுதான்! இதை எப்படி ஒரு மனுஷன் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது?

"ஏம்மா! எழுந்திரு, எழுந்திரு! முடியாதுன்னு சொல்லிட்டேன்! பாஸ்டர்கிட்டயே முடியாதுன்னு சொல்லிட்டேன்! எழுந்து உட்காரு, எப்படிச் சொன்னேன்னு சொல்றேன்!"

கணக்கு டீச்சர் கண்ணைத் திறக்காமலே ஒரு தலையணையை எறிந்தாள். அது குறி தப்பவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நமக்கென்ன, யாரோ ஒரு சபையில் யாரோ ஒரு ஆள். ஆனால் போனமுறை நீங்கள் நாலு நாள் லீவு எடுத்தீர்களே, கிளம்பும்போது ஆபீசில் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள்? "அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க" என்றுதானே? ஒருவரும் கூப்பிடவில்லை. போனில் சிக்னல் இருக்கிறதா என்று வாசலுக்கு வந்து வந்து பார்த்தீர்களே, ஞாபகமிருக்கிறதா?

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.