வளையம் தெரிஞ்சுதா?

மூன்றாவது நாளும் சனிக்கிரகம் தெரியவில்லை.

முத்திரைக்காரர் மொட்டைமாடியில் குனிந்து வலது கண்ணால் பார்த்தார், இடது கண்ணால் பார்த்தார், மூக்குக்கண்ணாடியோடு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். புதுத் தொலைநோக்கிக்குள் கன்னங்கரேலென்று இருட்டு. நிமிர்ந்தால் அந்தக் கிரகம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, எங்கேயும் போகாமல், மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரிகிற சாமான் விலை கொடுத்து வாங்கிய குழாயில் தெரியவில்லை என்றால் மனுஷனுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

முத்திரைக்காரர் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். முப்பத்தைந்து வருஷம் கடைகடையாக ஏறி இறங்கி, தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்திய இன்ஸ்பெக்டர். ஒரு கிராம் குறைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஓய்வு பெற்ற பிறகும் மளிகைக்கடைக்காரர் அவரைக் கண்டால் முதலில் தராசைத் துடைப்பார், அப்புறம்தான் வணக்கம் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தார். அதையும் போயும் போயும் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தார்.

அந்தப் பொய்க்கு முப்பத்துநாலு வயது. அப்போது அவர் வேலையில் சேர்ந்த புதிது. கல்லூரி ஆண்டு விழாவில், அறிவியல் கட்டடத்து மாடியில் தொலைநோக்கி வைத்துப் பொதுமக்களுக்குச் சனிக்கிரகம் காட்டுகிறார்கள் என்று சுவரில் நோட்டீஸ் பார்த்துப் போயிருந்தார். சிறப்பு விருந்தினர் விடாமல் ஒரு மணி நேரம் பேசி அத்தனை பேரையும் பனியில் நனைய விட்டார். அதற்கப்புறம்தான் மாடிப்படியில் வரிசை நகர்ந்தது. இவருக்கு முன்னால் நீலப் புடவையில் ஒரு பெண். விரல் நுனியில் காய்ந்த பெயின்ட். அவள் குனிந்து, வரிசையே முணுமுணுக்கும் அளவுக்கு நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து, "அடடா, என்ன அழகு" என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்து இவர் குனிந்தார். உள்ளே கும்மிருட்டு. பின்னால் நிற்பவர் முதுகில் இடிக்கிறார். சரி, கண்ணில்தான் கோளாறு என்று முடிவு கட்டி நிமிர்ந்தால், அந்தப் பெண் நகராமல் அங்கேயே நிற்கிறாள்.

"வளையம் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"தெளிவாத் தெரிஞ்சுதுங்க" என்றார் முத்திரைக்காரர்.

அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சே அதுதான். அங்கிருந்து கல்லூரி வாசல் டீக்கடை, அங்கிருந்து இரண்டு வீட்டுப் பெரியவர்கள், மறு வருஷம் கல்யாணம். அவள் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். கல்யாணமான முதல் மாதமே அந்தச் சனிக்கிரகத்தை, வளையம் லேசாகச் சாய்ந்திருக்க, படமாக வரைந்து கூடத்தில் மாட்டினாள். வீட்டுக்கு யார் வந்தாலும் கதை அந்தப் படத்தில்தான் ஆரம்பிக்கும். "வளையத்துக்கு நடுவுல மெல்லிசா ஒரு கோடு இருந்துச்சு, இல்லைங்க?" என்பாள். இவர், "ஆமாமா, முடி மாதிரி" என்பார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். கல்லூரிக்குப் போய்வந்த மறு வாரமே கண் டாக்டரைப் பார்த்து மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டது எதற்கு என்பது அவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

எல்லாம் இப்படியே சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. மகள் போன் செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்குத் தான் வரப்போவதாகவும், இரண்டு பேரும் மறுபடியும் சேர்ந்து நின்று சனியைப் பார்க்க வேண்டும், அதைத் தான் பக்கத்திலிருந்து படம் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னாள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை, ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க அவளுக்கும் ஆசை இருக்காதா?

டீச்சர் போனை வாங்கி, "எதுக்குடி வீண் வேலை? அதான் ஒருதரம் பார்த்தாச்சே, மனசுலயே இருக்கு" என்றாள். சிக்கனக்காரி, செலவுக்குப் பயப்படுகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அவர் பயமோ வேறு. மகள் முன்னால் டீச்சர் பார்த்துவிட்டு, 'அன்னைக்கு மாதிரியே இருக்கு, இல்லைங்க?' என்று கேட்பாள். ஆமாம் என்பதா, மாறிவிட்டது என்பதா? அன்றைக்கு எதையுமே பார்க்காதவர் எதை வைத்துச் சொல்வார்? முப்பத்துநாலு வருஷப் பொய் சந்தி சிரித்துவிடும். டீச்சர் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது? அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், தனியாக, திருட்டுத்தனமாக, ஒரே ஒரு தடவை அந்த வளையத்தைப் பார்த்து, கூடத்துப் படத்தோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் திட்டம்.

கேமரா கடையில் அட்டைப்பெட்டி மேல் 'ஐந்நூறு மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்ததும் வாங்கிவிட்டார். ஒல்லியான குழாய், கொக்குக்கால் மாதிரி மூன்று கால். கண்ணை வைத்துப் பார்க்கிற ஐபீஸ்கள் மூன்று. ஒன்றில் இருபத்தைந்து, ஒன்றில் பத்து, ஒன்றில் நாலு என்று எழுதியிருந்தது. தராசைச் சோதிக்கிறபோது எப்போதும் சின்னக் கல்லில் ஆரம்பித்துத்தான் பெரிய கல்லுக்குப் போவது அவர் வழக்கம். நாலாம் நம்பரைப் போட்டார். இருட்டு. இருட்டில் எப்போதாவது மஞ்சளாக ஏதோ ஒன்று விறுவிறுவென்று குறுக்கே ஓடும். அவர் மூச்சு விட்டால் குழாய் ஆடும், குழாய் ஆடினால் அதுவும் போய்விடும். சின்னதே தெரியாதபோது பெரியதைப் போட்டு என்ன பிரயோஜனம் என்று மற்ற இரண்டையும் தொடவே இல்லை.

கடைக்காரர், "பவர் பத்தலை சார்" என்று சொல்லி, எதையும் இரண்டு மடங்காக்குகிற ஒரு லென்ஸைக் கொடுத்தார். அதையும் நாலாம் நம்பரோடு சேர்த்து மாட்டினார். இப்போது இருட்டு இரண்டு மடங்காகத் தெரிந்தது.

பகலில் சோதித்துப் பார்ப்போம் என்று குழாயைத் தூரத்து ஆபீஸ் கட்டடத்துக் கடிகாரத்தின் பக்கம் திருப்பினார். கடிகாரம் தலைகீழாக நின்றது. முத்திரைக்காரருக்குப் பழைய ரத்தம் கொதித்தது. நேராகக் கடைக்குப் போய், தலைகீழாகக் காட்டுகிற கருவியை விற்பது குற்றம், நான் சர்வீஸில் இருந்திருந்தால் இந்நேரம் சீல் வைத்திருப்பேன் என்று ஒரு பிடி பிடித்தார். வானத்துக்குத் தலையேது காலேது சார், எல்லாத் தொலைநோக்கியும் கொஞ்சம் அப்படி இப்படித்தான் காட்டும் என்று கடைக்காரர் அலுங்காமல் சொன்னார். அதோடு, இருட்டாகத் தெரிகிறது என்றால் வெளிச்சம் பத்தவில்லை என்று அர்த்தம், வாய் அகலமான குழாய் வாங்கினால்தான் சரிப்படும் என்றும் சொன்னார். அது உண்மைதான். உண்மையைச் சொல்லித்தான் அவர் வியாபாரம் செய்தார்.

வியாழக்கிழமை வந்து இறங்கியது பெரிய குழாய். குண்டாக, ஆள் இடுப்பு உயரத்துக்கு மேல், அடியில் கண்ணாடி, அது உட்கார ஒரு மரப் பீடம். மாடிப்படித் திருப்பத்தில் அது மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் சிக்கிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கீழேயிருந்து தாங்கினார்.

"என்ன சார் இது, வெந்நீர் பாய்லரா?"

"டெலஸ்கோப். சனிக்கிரகம் பாக்க."

"ஊர்ல அவனவன் சனி எப்ப விடும்னு காத்துக்கிட்டிருக்கான். நீங்க தேடிப் போய்ப் பிடிக்கிறீங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் ஓர் உந்து உந்தினார். குழாய் டமார் என்று கைப்பிடிச் சுவரில் இடித்து மேலே ஏறியது. உள்ளே ஏதோ லொடலொடத்தது.

அன்று சாயங்காலம் அதே நாலாம் நம்பரையும் இரண்டு மடங்கு லென்ஸையும் அதில் மாட்டிப் பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் வால் முளைத்திருந்தது. அடிக்கண்ணாடிக்குப் பின்னால் மூன்று திருகாணி இருந்தது. தராசு முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து பழகிய கை சும்மா இருக்குமா? மூன்றையும் திருகினார். வால் போய் இறக்கை முளைத்தது.

இவ்வளவு கூத்து நடந்தும் டீச்சர் ஒருநாளும் குழாய்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் கழுத்து வலி என்றாள். இல்லையென்றால் அடுப்பில் பால் இருந்தது. "நீங்க முதல்ல சரி பண்ணுங்க, நான் ஞாயித்துக்கிழமையே பாத்துக்கறேன்" என்று கீழேயே இருந்துவிட்டாள். அவளுக்கென்ன, அவள் பார்த்தவள் என்று இவருக்குள் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. கூடத்தில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் போய் நின்றார். நிறம் மங்கியிருந்தது. வளையத்தின் ஓரம் மட்டும் இன்னும் பளிச்சென்று இருந்தது. இதைப் பார்த்த கண்ணோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம், நமக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே துண்டால் படத்துத் தூசியைத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் முத்திரைக்காரர் பழைய கல்லூரிக்கு ஓடினார். அறிவியல் கட்டடம் அப்படியே இருந்தது. அந்தப் படிக்கட்டைப் பார்த்ததும் நீலப் புடவை ஞாபகம் வந்து, வந்த வேலையை ஒரு நிமிஷம் மறந்து நின்றுவிட்டார். சனிக்கிரகம் காட்ட ஏற்பாடு செய்த பேராசிரியர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்றாம். அன்று தொலைநோக்கியைப் பார்த்துக்கொண்ட ஆய்வக உதவியாளர் பின்தெருவில்தான் குடியிருக்கிறார் என்று காவலாளி வழி சொன்னார்.

எல்லோரும் அவரை லேப்காரர் என்றுதான் கூப்பிடுவார்களாம். வெள்ளைத் தலை, சட்டைப் பையில் ஸ்குரூடிரைவர். ஆண்டு விழா அன்று வரிசையில் நின்று சனிக்கிரகம் பார்த்ததையும், அங்கேயே கல்யாணம் கூடியதையும் இவர் சொன்னார். லேப்காரர் இவர் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமிவிட்டு, "வாங்க, குழாயைப் பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மாடிக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், குழாயின் வாயைத் தடவிப் பார்த்து, மூடியைக் கழற்றித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டதுதான். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். இருட்டுகிற நேரத்தில் மூன்று திருகாணியையும் மெல்ல மெல்லத் திருப்பி, இறக்கையையும் வாலையும் ஒடுக்கி, நட்சத்திரத்தைப் புள்ளியாக்கினார். இரண்டு மடங்கு லென்ஸைப் பிடுங்கித் தனியே வைத்தார்.

"இதுல நம்பர் பெருசானா பவர் கம்மி சார். நீங்க எடுத்த எடுப்புலயே உச்சிக்குப் போயிட்டீங்க. அவ்வளவு பெருசாக்கினா இருட்டாவும் இருக்கும், கலங்கலாவும் இருக்கும், நிக்காமயும் ஓடும். முதல்ல இருபத்தஞ்சைப் போட்டுப் பிடிக்கணும். பிடிச்சு நடுவுல நிறுத்தினப்புறம் பத்தைப் போடணும்" என்றார்.

முப்பத்தைந்து வருஷம் படித்த பாடம் தலைகீழ். முத்திரைக்காரர் இருபத்தைந்தைப் போட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, லேப்காரர் காட்டிய திருகைத் திருப்பி, தன் கண்ணுக்குத் தக்கபடி சரிசெய்தார்.

இருந்தது.

குட்டியாக, கூர்மையாக, யாரோ வெட்டி ஒட்டியதுபோல, வளையத்தோடு இருந்தது. பத்தாம் நம்பரில் இன்னும் நன்றாக, வளையத்துக்கும் உருண்டைக்கும் நடுவில் கறுப்பு இடைவெளிகூடத் தெரிந்தது. முத்திரைக்காரர் அழுதுவிட்டார். இருட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற மகள் கீழே போய் அம்மாவைக் கைபிடித்து மேலே கூட்டிவந்தாள். பால், கழுத்து வலி எதுவும் இன்று செல்லுபடியாகவில்லை. டீச்சர் தயங்கித் தயங்கிக் குனிந்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னம்மா, அப்பா மாதிரியே நீயும் அழறே?" என்றாள் மகள்.

டீச்சர் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வளையம் படத்தில் சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்ததை அவளும் கவனித்தாள், அவரும் கவனித்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அன்னைக்குப் பார்த்த மாதிரியே இருக்கு, இல்லைங்க?" என்றாள் டீச்சர்.

"அப்படியேதான் இருக்கு டீச்சர். இம்மி மாறல" என்றார் முத்திரைக்காரர்.

மகள் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். பெரிய கண்டத்திலிருந்து தப்பித்த நிம்மதி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்வந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த லேப்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். கக்கத்திலிருந்த மூடியை எடுத்து இரண்டு கையிலும் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, முப்பத்துநாலு வருஷமா நெஞ்சுல கிடந்து அரிக்குது, இன்னைக்குச் சொல்லிடறேன்: அந்த விருந்தாளி பேசி முடிக்கிறதுக்குள்ள பனி இறங்கிடுமேன்னு குழாய் வாயில மூடியைப் போட்டவன், இருநூறு பேரும் வரிசையா வந்து பாத்து 'அடடா'ன்னுட்டுப் போற வரைக்கும் அதைக் கழட்டவே மறந்துட்டேன்."